வலிக்கு ஒரு பொறுப்பாளர்

ஷோமா போட்ட அலறலில் மூன்றாம் மாடித் தொட்டியிலிருந்த மீன்கள்கூட மறுபக்கம் ஒதுங்கிவிட்டன என்று தரை துடைக்க வந்த அம்மாள் பிறகு சொன்னார். அவனுக்கு ஐந்து வயது. இடது முழங்கை மடிப்பில் ஒரு ஊசி, ஒரு தேக்கரண்டி ரத்தம். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து கிளம்பி, தாழ்வாரம் முழுக்க ஓடி, லிஃப்டில் ஏறி, இரண்டாம் மாடியில் இறங்கியது.

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தியதும் ஷோமா மூக்கை உறிஞ்சிக்கொண்டான். சிகுசா அவன் முன்னால் மண்டியிட்டு, ஆறு முகங்கள் அச்சடித்த அட்டையை நீட்டினாள். முதல் முகம் வாய் நிறையச் சிரிக்கும். அதற்குக் கீழே பூஜ்யம். ஆறாவது முகம் நீலக் கண்ணீர் வடிக்கும். அதற்குக் கீழே ஐந்து. எவ்வளவு வலித்ததோ அந்த முகத்தைத் தொட்டுக் காட்டும்படி சொன்னாள்.

ஷோமா அட்டையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கன்னத்தில் கண்ணீர் இன்னும் நிற்கவில்லை. அப்படியே விரலை நீட்டிச் சிரிக்கிற முகத்தைத் தொட்டான். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கித் தலை குனிந்து, "ரொம்ப நன்றிங்க" என்றான். சத்தம் போட்டதற்காக அவன் அம்மா மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

சிகுசா படிவத்தில் பூஜ்யம் எழுதினாள். நாற்பத்தோராவது குழந்தை. முப்பத்தொன்பதாவது பூஜ்யம்.

பூஜ்யம் காட்டாத இருவரில் ஒருவன் நான்கு வயதுப் பையன். கண்ணீர்த் துளியின் நீலம் பிடித்திருந்ததால் ஆறாவது முகத்தைத் தொட்டான். மற்றொருத்தி ஒசாகாவிலிருந்து மாமா வீட்டுக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு படுத்த ஒன்பது வயதுப் பெண். அவள் ஐந்தைத் தட்டி, இதற்கு மேல் முகம் வைத்திருக்கிறீர்களா, அட்டை இத்தோடு முடிந்துவிட்டதா என்று விசாரித்தாள். டோயாமாவில் பிறந்து வளர்ந்த ஒரு குழந்தையும் இதுவரை வலித்தது என்று வாய் திறக்கவில்லை.

குழந்தைகள் பிரிவில் பத்து வருடமாகச் செவிலியராக இருக்கிற சிகுசாவுக்கு இந்த ஆராய்ச்சி சொந்தப் பிள்ளை மாதிரி. ரத்தம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டி வைத்தால் ஊசியின் வலி குறையும் என்பது அவள் நம்பிக்கை. நம்பிக்கையை வைத்துக்கொண்டு மருத்துவமனையில் ஒரு தேநீர்க் கோப்பையைக்கூட இடம் மாற்ற முடியாது. ஆகவே இரண்டு வகைக் குழாய்கள். சிவப்பு மூடிக் குழாய், மஞ்சள் மூடிக் குழாய். ஒன்றில் நிஜக் களிம்பு, மற்றதில் வெறும் களிம்பு. எது எது என்பது மருந்தகத்தில் ஒட்டிய உறைக்குள் இருந்தது. சிகுசாவுக்கும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. எண்பது குழந்தைகள் முடிந்ததும் உறையைப் பிரிப்பார்கள். வித்தியாசம் தெரிந்தால் களிம்பு வார்டுக்கு வரும். தெரியாவிட்டால் வராது.

சிவப்பும் பூஜ்யம், மஞ்சளும் பூஜ்யம் என்றால் உறையைப் பிரித்து என்ன பயன்?

குழந்தைகள் பிரிவின் தலைமை மருத்துவர் ஹனாவா இதைத்தான் கேட்டார். அறுபது வயது, ஒட்டடைக்கம்பு உயரம், யாரையும் கடிந்து பேசாதவர். அவர் சிரித்துக்கொண்டே சொல்வதற்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். சிகுசாவை உட்காரச் சொல்லி, தேநீர் ஊற்றிக் கொடுத்து, படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு வலிக்கறதே இல்ல போலிருக்கே சிகுசா. அப்புறம் களிம்பு எதுக்கு?"

டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது, அதற்குள் வேறு ஏதாவது தெரியவந்தால் சரி, இல்லையென்றால் இதை மூடிவிடுவோம், யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம் என்றார். சிகுசா பணிவாகத் தலையாட்டினாள். மனக்கஷ்டம் உண்டா என்று அவர் கேட்டிருந்தால், தானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்போம் என்பது படியிறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூன்றாம் மாடிக் கோடியில் மருத்துவமனைப் பள்ளிக்கூடம் இருந்தது. மாதக்கணக்கில் தங்குகிற பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பு, ஒரே டீச்சர். அகினோ டீச்சர், எந்தப் பள்ளியிலும் செய்வதுபோல, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு கொடுத்திருந்தார். நாட்காட்டித் தாளைக் கிழிப்பவர், மீனுக்குத் தீனி போடுபவர், ஜன்னலைத் திறந்து வெளியே என்ன வானிலை என்று அறிவிப்பவர், மதியச் சாப்பாட்டுப் பட்டியலை உரக்க வாசிப்பவர். பெயரும் பொறுப்பும் எழுதிய தாள் சுவரில் தொங்கும். சேர்ந்து மூன்று நாளான சாயோவின் பெயருக்கு எதிரே மட்டும் வெறும் இடம்.

சாயோவுக்கு எட்டு வயது. சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிற நோய். மாத்திரையால் கன்னங்கள் இரண்டும் புதிதாகச் சுட்ட பன் மாதிரி உப்பியிருந்தன. உப்பில்லாத சாப்பாடு. ஊரே மஞ்சள்வால் மீனை உப்புச் சோயாச் சாற்றில் தோய்த்துத் தின்கிற மாதத்தில் இவளுக்கு மட்டும் வெந்நீரில் வெந்த முள்ளங்கி. வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம். இந்த நோய் போன மாதிரி போய்த் திரும்பத் திரும்ப வரும். அதனால் ஊசியும் வருடக்கணக்கில் கூடவே வரும். ஆனால் அவள் முறையிட்டது ஒன்றைப் பற்றித்தான். தனக்குப் பொறுப்பு எதுவும் இல்லை.

படிவங்களில் கையெழுத்து வாங்க வகுப்புக்கு வந்த சிகுசாவின் கையிலிருந்த அட்டையை அவள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, வலிய எழுதறது உங்க பொறுப்பா?"

அப்படித்தான் வைத்துக்கொள்ளேன் என்றாள் சிகுசா.

"நீங்க அதச் சரியாச் செய்யலக்கா."

அகினோ டீச்சர் தும்மலை அடக்குவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயோ அதைக் கண்டுகொள்ளவில்லை.

"ஒருத்தர் வீட்டுக்கு விருந்துக்குப் போறீங்க. சாப்பாடு எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. என்ன சொல்வீங்க?"

"நல்லா இருக்குன்னுதான்."

"அதேதான். நீங்க ஊசியப் போட்டுட்டு எப்படி இருந்ததுன்னு கேக்கறீங்க. முந்தாநாள் நானும் பூஜ்யம்தான் காட்டினேன்." அவள் குரலைச் சற்றுத் தணித்துக்கொண்டாள். "வலிச்சுது."

சிகுசாவுக்கு அந்தப் படிவம் ஞாபகம் வந்தது. மஞ்சள் மூடி, எண் முப்பத்தெட்டு, பூஜ்யம். சின்னக் குழந்தைகள் உட்காரும் ஒரு குட்டி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

பிறகு எப்படித்தான் கேட்பது என்று விசாரித்தபோது, கேட்கவே கூடாது, பொறுப்பு கொடுக்க வேண்டும் என்றாள் சாயோ. தன் பள்ளிக்கூடத்தில் அவள் முயல் பொறுப்பாளராக இருந்தவள். முயல் நோட்டில் எல்லாம் நலம் என்று எழுதிக்கொண்டு போனால் டீச்சர் வாங்கவே மாட்டார். எத்தனை புழுக்கை, என்ன நிறம், எந்தக் காதைச் சொறிந்தது என்று எழுதினால்தான் பொறுப்பு முடிந்ததாக அர்த்தம். அதே மாதிரி, இன்றைக்கு யாருக்கு ரத்தம் எடுக்கிறார்களோ அவர்தான் இன்றைய வலிக்குப் பொறுப்பாளர். கையில் பட்டை கட்டிவிட வேண்டும். நோட்டுக் கொடுக்க வேண்டும். வெறுமனே விட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"வலிக்குதுன்னு சொன்னா முறையிடற மாதிரி இருக்கும்கா. பொறுப்புன்னா எழுதித்தானே ஆகணும்."

அன்று வீட்டுக்குப் போகிற டிராமில் சிகுசா இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டாள். பத்து வருட அனுபவம், மூன்று பயிற்சி வகுப்பு, எத்தனையோ மாநாடு. ஒரு முயல் கூண்டு எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

படிவத்தை மாற்றுவதென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சிகுசா விண்ணப்பத்தில், முகங்கள் உள்ள அட்டையால் இதுவரை திரட்டிய நாற்பத்தொன்றும் எதையும் அளக்கவில்லை என்று தானே எழுதினாள். எழுதி முடித்துத் தன் பெயரைப் பதித்தாள். குழந்தைக்குப் பொறுப்பு சுமையாகாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பொறுப்பு இல்லாமல் ஒரு குழந்தைக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை என்று அகினோ டீச்சர் எழுதிய கடிதத்தை அவள் காட்டினாள். உப்பில்லாத முள்ளங்கிக்கும் அதில் பங்குண்டு என்பதை டீச்சர் எழுதவில்லை. ஒப்புதல் கிடைத்தது.

ஹனாவா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தடுக்கவும் இல்லை.

"எலி பிடின்னு சொல்லிப் பூனைக்குப் பட்டை கட்டிவிட்டா, எலியே இல்லாத வீட்டுலயும் அது எலி பிடிச்சுட்டு வரும் சிகுசா."

"எல்லாம் பொய் எலின்னா, சிவப்பு மூடி வீட்டுலயும் மஞ்சள் மூடி வீட்டுலயும் ஒரே அளவுல வரணும் டாக்டர்."

இது நல்ல பதில், உறையைப் பிரிக்கிற அன்று பார்ப்போம் என்றார் ஹனாவா.

பட்டை ஆரஞ்சு நிறத்தில் வந்தது. அகினோ டீச்சர் தைத்தார். 'வலிக்குப் பொறுப்பாளர்' என்ற எழுத்து சாயோவின் கை. அவளுடைய முறை ஏற்கெனவே முடிந்துவிட்டதால் நோட்டுகளைச் சரிபார்க்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். சிகுசா இருக்கும்போது மட்டும், எண்ணையோ வார்த்தையையோ மாற்றச் சொல்லாமல், விட்டுப்போன இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம் என்பது நிபந்தனை. சாயோ நிபந்தனையை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

முதல் நோட்டை சிகுசா நின்ற இடத்திலேயே படித்தாள். ஆறு வயதுப் பையன், எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. ஊசி: 2. பிளாஸ்திரியை உரித்தது: 5. டாக்டரின் கை: பனிக்கட்டி.

அதற்குப் பின் அணை உடைந்தது. கொசு கடிப்பது போல இருக்கும் என்று சொன்னார்கள், கொசுவை எனக்கு நன்றாகத் தெரியும், இது கொசு இல்லை என்று ஒருத்தி எழுதினாள். இன்னும் கொஞ்சம்தான் என்று மூன்று முறை சொன்னார்கள், மூன்று கொஞ்சம் சேர்ந்தால் நிறைய என்று ஒருவன் கூட்டல் போட்டிருந்தான். நாற்காலி உயரம், கால் தரையில் படவில்லை, பயம் காலிலிருந்துதான் ஏறுகிறது என்று ஏழு வயதுப் பையன் எழுதியதைப் படித்துவிட்டு, சிகுசா அன்றைக்கே கால் ஊன்ற நாற்காலிக்கு முன்னால் ஒரு பெட்டியை நகர்த்தி வைத்தாள். எழுதத் தெரியாத வாண்டு பிளாஸ்திரியை எட்டுக் கால் கடல்பிசாசாக வரைந்து தன் கைமுடிகளையெல்லாம் அதன் வாயில் வரைந்திருந்தது. ஒரு நோட்டில், எனக்கு முடிந்த பிறகு அம்மாவின் முகத்தில் வலி இருந்தது, அளவு 4, ஆனால் அம்மா பூஜ்யம் என்கிறாள் என்று இருந்தது. அந்தப் பக்கத்தை சிகுசா கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

பட்டையின் புகழ் பரவியது. பட்டை கட்டிய பிள்ளைகள் வார்டில் நடக்கும் நடையே மாறிப்போனது. எலும்புப் பிரிவிலிருந்து ஒரு பையன் வந்து, தனக்கும் ரத்தம் எடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் போனான்.

ஆனால் நோட்டுகள் சேரச் சேர, சிகுசா ஒன்றைக் கவனித்தாள். ஊசிக்கு எதிரே ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்று எண்கள் மாறி மாறி வந்தன. உரிப்பதற்கு எதிரே மட்டும் ஏறக்குறைய எல்லா நோட்டிலும் ஐந்து அல்லது நான்கு. ஊசி வலிக்கக் கூடாது என்று களிம்பு. களிம்பு வழியக் கூடாது என்று பிளாஸ்திரி. அந்தப் பிளாஸ்திரியை உரிப்பதுதான் ஊசியைவிடப் பெரிய வலி. சிவப்பானாலும் மஞ்சளானாலும் பிளாஸ்திரி ஒன்றுதானே. பாம்பை விரட்டத் தேளை வளர்த்த கதையாகிவிட்டது. இதைக் குழுவின் முன் வைத்தால், அவர்கள் களிம்பைத் தூக்கி எறிய இன்னொரு நல்ல காரணத்தைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்ததாகும்.

வைக்காமல் விடலாமா என்ற எண்ணம் ஒரு முழு மதிய இடைவேளை அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டது. நோட்டில் வெறும் இடம் விட்டால் சாயோ திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டதும், அந்த எண்ணம் தானே எழுந்து போய்விட்டது.

குழு கூடுவதற்கு முந்தைய நாள் ஊழியர்களின் வருடாந்தர உடல் பரிசோதனை வந்தது. பொது மருத்துவப் பகுதியில் தண்ணீர்க் குழாய் வெடித்து அறை ஈரமாகிவிட்டதால், மூன்றாம் மாடி ஊழியர்களுக்கு மூன்றாம் மாடியிலேயே ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். ஹனாவா வரிசையில் கடைசியாக வந்து, குழந்தைகளின் நாற்காலியில் பெட்டிமேல் கால் வைத்து, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். வேறு பக்கம் பார்த்தார். சிகுசா ஊசியைச் செருகி எடுத்தாள். சரியாக இருந்ததா என்று வழக்கம்போலக் கேட்டாள். ஒன்றுமே தெரியவில்லை, கை நல்ல கை என்றார் ஹனாவா. உதடு சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது.

கதவருகே சாயோ நின்றிருந்தாள். அன்று காலை அவளுக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள், எண்பதில் சேராத வழக்கமான ரத்தம். ஆனாலும் பட்டை அவள் கையில்தான் இருந்தது. அவள் அதைக் கழற்றி, உள்ளே வந்து, டாக்டரின் சட்டைக் கையில் ஊக்கு குத்திவிட்டு நோட்டை நீட்டினாள். ஹனாவா சிரித்தபடி, பிரச்சினை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

சாயோ படித்துவிட்டு இரண்டு கைகளாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது செல்லாது டாக்டர். முயல்கூட இதவிட அதிகமா விவரம் குடுக்கும்."

சிகுசா ஊசிப் பெட்டியை அடுக்குவதில் மும்முரமானாள். திரும்பிப் பார்த்தால் சிரித்துவிடுவாள் என்ற பயம். பேனா கீறும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒரு பக்கம் திரும்பியது. இரண்டாவது பக்கமும். ஹனாவா எழுந்து, பட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். சாயோ வெறும் இடம் இருக்கிறதா என்று பார்த்து, கடைசி வரிக்குக் கீழே, நன்று என்பதற்கு டீச்சர்கள் போடுவது போல, இதழ் இதழாகச் சுழன்ற ஒரு சிவப்புப் பூ போட்டாள். சிகுசா எட்டிப் பார்த்தது தவறுதான். ஊசி: 3 என்று இருந்தது. அதற்கு மேலே, ஊசிக்கு முந்தைய பத்து நிமிடம்: 5. அதற்கும் மேலே, ஊசி என்றாலே பயம், ஆறு வயதிலிருந்து.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். வெளியே கடல் பக்கம் குளிர்கால இடி உருண்டது. இந்த இடி வந்தால் மஞ்சள்வால் மீன் நிறையக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். புள்ளிவிவரம் பார்க்கும் தொகுனாகா என்ற இளைஞர் மருந்தகத்து உறையைக் கத்தரித்தார். நிஜக் களிம்பு சிவப்பு மூடி. எண்களைத் திரையில் போட்டார். பட்டை கட்டி எழுதிய முப்பத்தொன்பது பிள்ளைகளில், சிவப்பு மூடிக் குழந்தைகளுக்கு ஊசியின் வலி நடு மதிப்பாக ஒன்று. மஞ்சளுக்கு மூன்று. பொய் எலியென்றால் இரண்டு வீட்டிலும் ஒரே அளவில் வந்திருக்க வேண்டும். ஹனாவா தலையை மட்டும் அசைத்தார்.

அடுத்த திரையை சிகுசாவே போட்டாள். பிளாஸ்திரியை உரித்த வலி: சிவப்பில் நான்கு, மஞ்சளிலும் நான்கு. ஊசியில் கிடைத்த லாபத்தைப் பிளாஸ்திரி கொள்ளை கொண்டு போகிறதே, அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்று மயக்க மருந்துப் பிரிவின் பெண் மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி. வேறு யாராவது கேட்டிருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

சிகுசா நான்கு நோட்டுகளைத் தனியாக எடுத்து மேஜையில் வைத்தாள். முந்தைய நாள் மாலை எல்லாவற்றையும் மறுபடி படித்தபோது கண்ணில் பட்டவை. அந்த நான்கு பிள்ளைகளும் பிளாஸ்திரியைச் செவிலியர் தொட விடவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து வைப்பது போல, தன் கையில் ஒட்டியதைத் தானே எடுப்பதும் பொறுப்பில் சேரும் என்று அவர்களாகவே முடிவு செய்து, ஓரத்தை நனைத்து நனைத்து உரித்திருந்தார்கள். உரித்த வலி: பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.

"இது பழைய பூஜ்யம் இல்ல டாக்டர். இதே பிள்ளைங்க ஊசிக்கு ரெண்டும் மூணும் எழுதியிருக்காங்க. நாற்காலிக்கும் எழுதியிருக்காங்க. வெறும் மரியாதைக்கு எழுதற கை இல்ல."

நான்கு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார் தொகுனாகா. தெரியும், நிரூபிப்பதற்காக அல்ல, கேட்டுப் பார்ப்பதற்காக என்றாள் சிகுசா. பெண் மருத்துவர் நான்கு நோட்டையும் வாங்கிப் படித்தார். தானே உரிப்பதும் பொறுப்புதான் என்று எழுதியிருந்த இடத்தில் அவர் முகம் இளகியது.

எல்லோரும் ஹனாவாவைப் பார்த்தார்கள். அவர் தன் முழங்கை மடிப்பைச் சட்டைக்கு மேலாக ஒருமுறை தடவிக்கொண்டார். மூன்று மாதம், எல்லாக் குழந்தைகளுக்கும் நிஜக் களிம்பு, பிளாஸ்திரியைக் குழந்தையே உரிக்கட்டும், எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் குறிக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து இதே மேஜையில் பேசலாம் என்றார்.

"முகம் போட்ட அட்டை?" என்று கேட்டார் தொகுனாகா.

"அத நம்ம கூட்டங்களுக்கு வெச்சுக்கலாம்" என்றார் ஹனாவா.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு சாயோவின் கையில் களிம்பு தடவினார்கள். ஒன்பது மணிக்கு அவள் பெட்டியின் மேல் பாதங்களை ஊன்றி உட்கார்ந்து, ஈரப் பஞ்சால் பிளாஸ்திரியின் ஓரத்தை நனைக்க ஆரம்பித்தாள். சிகுசா கடிகாரத்தை அழுத்தினாள். ஓரம் எழும்பியது. சாயோ அதை விட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போனாள். ஒரு முடி, பிறகு அடுத்த முடி. தபால்தலையை உறையிலிருந்து பிரிப்பவள் போல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. வெளியே வரிசையில் நான்கு குழந்தைகள் ஆளுக்கொரு பிளாஸ்திரியோடு காத்திருந்தார்கள். எட்டாவது நிமிடத்தில் ஹனாவா வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார்; பின்னால் மூன்று இளம் மருத்துவர்கள். எல்லோரும் வாசலில் நின்றுவிட்டார்கள். பத்தாவது நிமிடத்தில் பாதி உரிந்திருந்தது. ஹனாவாவின் விரல்கள் தாமாகவே முன்னால் வந்தன.

"தொடாதீங்க டாக்டர்."

அவர் கையைப் பையில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து இளம் மருத்துவர்கள் மூவரும் தங்கள் கைகளைப் பைகளில் போட்டுக்கொண்டார்கள்.

பதினான்கு நிமிடம் இருபது விநாடியில் பிளாஸ்திரி முழுசாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், சாயோவின் விரல் நுனியில் தொங்கியது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த இடைவெளியில் சிகுசா ஊசியைச் செருகிவிட்டாள். சாயோ ஒரு முறை திரும்பிப் பார்த்து, உள்ளே போய்விட்டதா என்று கேட்டாள்.

நோட்டை அவள் முழங்காலில் வைத்து நிதானமாக எழுதினாள். உரித்தது: 0. ஊசி: 1. கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி சேர்த்தாள். வாசலில் ஐந்து பேர் நின்று பார்த்தது: 2. எழுதியவள் தலையை நிமிர்த்தி எண்ணிப் பார்த்தாள். வாசலில் இருந்தது நான்கு பேர்தான். அடித்துவிட்டுத் திருத்தினாள்.

வெள்ளிக்கிழமையும் இதே களிம்புதானா என்று அவள் கேட்டாள். இதேதான் என்றாள் சிகுசா. மூன்று மாதத்துக்குப் பிறகும் இருக்குமா என்று கேட்டதற்கு, அது தெரியாது, எழுதுகிறதைப் பொறுத்தது என்று சொன்னாள். சாயோ பன் கன்னங்களை இன்னும் உப்பவைத்து ஊதினாள். பட்டையைக் கழற்றி, கதவருகே காத்திருந்த அடுத்த பெண்ணின் கையில் ஊக்கு குத்திவிட்டு, விட்டுப்போகாமல் எழுதச் சொல்லி வகுப்புக்குப் போனாள்.

வார்டின் பலகையில் வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்கும் நேரம் ஒன்பது மணி என்று எழுதியிருந்தது. ஹனாவா போகிற போக்கில் நின்று, அதைத் துடைத்து, தன் கையால் ஒன்பதேகால் என்று எழுதினார்.